கடுக்காய்: கடையில் காய் பார்ப்பது முதல் கன்று நடுவது வரை

நாட்டு மருந்துக் கடைக்குப் போய், "கடுக்காய் கொடுங்க" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே எடுத்துத் தரமாட்டார். "பிஞ்சா, காயா, பொடியா? எதுக்கு வேணும்?" என்று திருப்பிக் கேட்பார். கேள்வியே இல்லாமல் பொட்டலத்தை எடுத்து நீட்டும் கடையில் நான் கடுக்காய் வாங்குவதை நிறுத்திப் பல வருடமாகிறது.

காரணம் இருக்கிறது. முதன்முதலில் நான் வாங்கியது பொடிதான், நூறு கிராம் பொட்டலம். வெந்நீரில் கலக்கிக் குடித்தால் டம்ளரின் அடியில் வண்டலாக ஏதோ தங்கியது. கடைசி மடக்கில் பல்லில் நறநறவென்று அரைபட்டது. மணல் இல்லை, கொட்டையோடு சேர்த்து அரைத்து விற்றிருந்தார்கள். ஒருவரை ஏமாற்றிவிட்டு நழுவுவதைக் 'கடுக்காய் கொடுத்துவிட்டான்' என்கிறோமே, அந்த வழக்கு அன்றைக்கு எனக்குச் சொல்லுக்குச் சொல் பொருந்தியது.

கடுக்காயின் பெருமையைச் சொல்லும் புத்தகங்களுக்குக் குறைவில்லை. பெற்ற தாயோடு ஒப்பிட்டு, தாயைவிட ஒரு படி மேலே தூக்கிவைத்தவர்கள் நம் சித்த மருத்துவர்கள். வடமொழியில் ஹரீதகி, இலங்கையில் சிங்கள வைத்தியர்கள் 'அரளு' என்பார்கள். திபெத்தில் வரையும் மருத்துவ புத்தரின் வலது கையில் இருப்பதும் இந்தக் கடுக்காய்தான். பெருமை இருக்கட்டும். காயைப் பார்த்து வாங்கவும் கொட்டையை நீக்கவும் தெரிந்தால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அளவோடு நிறுத்திக்கொள்வது. இந்த அத்தியாயம் அந்த இரண்டு பாதிகளைப் பற்றியதுதான்.

மரத்தை அடையாளம் காண

தாவரவியலில் இதன் பெயர் டெர்மினாலியா செபுலா. நீர்மருது, கருமருது, தான்றி, தெருவோரம் நிழலுக்கு நிற்கும் நாட்டு வாதுமை எல்லாம் இதற்குப் பங்காளிகள். இமயமலை அடிவாரம் தொடங்கி இலங்கை வரையிலும், கிழக்கே மியான்மர், தாய்லாந்து வரையிலும் இலையுதிர் காடுகளில் வளர்கிறது. தமிழ்நாட்டில் கொல்லிமலை, ஜவ்வாதுமலை, கல்வராயன்மலை, பச்சைமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதன் நிழலில் நின்றிருப்பார்கள். மண்ணும் மழையும் நன்றாக அமைந்தால் 25 மீட்டர் உயரம் வரை போகும். நம் வறண்ட குன்றுகளில் பாறைச் சரிவில் பிடித்துக்கொண்டு நிற்பவை அதில் பாதி உயரத்தைக்கூட எட்டுவதில்லை.

தூரத்திலிருந்து பார்த்து இதுதான் என்று சொல்வது கடினம். கருத்த பழுப்பில், நீளவாக்கில் வெடித்த பட்டை. பெரிதாகச் சிறப்பு எதுவும் இல்லை. இலையைக் கையில் எடுத்தால்தான் குட்டு வெளிப்படும். காம்பு இலைப்பரப்போடு சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாக இரண்டு முடிச்சுகள் தட்டுப்படும். அவை சுரப்பிகள். கிளையில் இலைகள் எதிரெதிராகவோ, கொஞ்சம் மேலே கீழே தள்ளியோ அமைந்திருக்கும். தான்றியில் அப்படி இல்லை. இலைகள் எல்லாம் கிளையின் நுனியில் கொத்தாகக் கூடிக்கொள்ளும். காய்த்த பிறகு குழப்பமே வராது. தான்றிக்காய் உருண்டை, மேலே சாம்பல் நிறத்தில் வெல்வெட் மாதிரி மென்ரோமம். கடுக்காய் நீள்முட்டை வடிவம், தோல் வழவழப்பு. காய்ந்தால் நீளவாக்கில் ஐந்து வரப்புகள் எழும்பும்.

கோடையின் தொடக்கத்தில் இலை உதிர்த்துவிட்டு, புதுத் தளிரோடு சேர்ந்தே பூக்கும். தளிரில் செம்பட்டு நிறத்தில் மென்மையான ரோமம் படர்ந்திருக்கும், பார்க்க அழகு. பூவின் மணம் அவ்வளவு அழகில்லை. மங்கிய வெள்ளையில் கதிர் கதிராக வரும் அந்தப் பூவுக்கும் நாட்டு மருந்துக் கடையில் 'கடுக்காய்ப் பூ' என்று விற்பதற்கும் சம்பந்தம் கிடையாது. கடையில் விற்பது, நுண்ணிய பூச்சி இலையைத் தாக்கியதால் இலையில் கொம்பு போலப் புடைத்து, உள்ளே வெற்றிடமாகக் காய்ந்துபோன கட்டி. பூச்சி செய்த வீட்டுக்குப் பூ என்று பெயர் வைத்து, பேதி நிற்பதற்கும் சாயத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பூ என்று கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்து, ஏமாந்துவிட்டதாகத் திரும்பிப் போய்ச் சண்டை போட்டவர்கள் உண்டு. கடைக்காரர் மீது தப்பில்லை.

காய் சேரும் காலம்

கார்த்திகையில் தொடங்கி மாசி வரைக்கும், இடத்துக்கு இடம் முன்பின்னாகக் காய் முற்றும். பச்சை மாறி மஞ்சள் ஓடும்போது கிளையை உலுக்கினால் விழும். விழுந்ததை அன்றைக்கன்றைக்கே பொறுக்கிவிட வேண்டும். மெல்லிய அடுக்காகப் பரப்பி, நிழலிலோ இளவெயிலிலோ உலர்த்துவார்கள். இதில் ஒரே எதிரி தண்ணீர்தான். காயும் நேரத்தில் மழையில் நனைந்தால் காயின் சாரமான டானின், அதாவது துவர்ப்புச் சத்து, கரைந்து வழிந்துவிடும். மிச்சத்தில் பூசணம் பிடிக்கும். அப்படி நனைந்த காய்தான் கருத்துப்போய்ச் சந்தையில் மலிவாக வரும்.

பிஞ்சு என்பது வேறு சரக்கு. உள்ளே கொட்டை கெட்டிப்படும் முன்பே எடுத்து உலர்த்தியது. கருந்திராட்சை மாதிரி சுருங்கி, கன்னங்கரேலென்று இருக்கும். கொட்டை உருவாகாததால் நீக்குகிற வேலையும் இல்லை. இதை விளக்கெண்ணெயில் பொரித்து, பொடித்து மலச்சிக்கலுக்கும் மூலத்துக்கும் கொடுப்பது சித்த மருத்துவ முறை. காயின் இடத்தில் பிஞ்சையோ, பிஞ்சின் இடத்தில் காயையோ மாற்றிப் போடக்கூடாது. கடைக்காரர் கேட்கும் "பிஞ்சா, காயா?" என்ற கேள்வியின் அர்த்தம் இதுதான்.

மலைக்குச் சுற்றுலா போன இடத்தில் நாமே பொறுக்கி வரலாமா என்று கேட்கிறார்கள். காப்புக்காட்டில் கூடாது. சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அங்கே வாழும் பழங்குடியினருக்கும், பரம்பரையாகக் காட்டை நம்பியிருப்பவர்களுக்கும் உரியது. மத்திய அரசு 2013-14இல் சிறுவனப் பொருள்களுக்கு ஆதரவு விலைத் திட்டம் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே கடுக்காயும் இருந்தது. காயைப் பொறுக்கிக் காயவைப்பது அவர்களுக்கு வருமானம். மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கங்களிலோ, மலையடிவாரச் சந்தையிலோ நேரடியாக வாங்கினால் காயும் புதிதாகக் கிடைக்கும், பணமும் உரியவர் கைக்குப் போகும்.

கடையில் பார்க்க வேண்டியது

நூல்களில் கடுக்காய் ஏழு வகை. அபயன், விசயன், ரோகிணி என்று தொடங்கி ஒவ்வொன்றுக்கும் உருவமும் ஊரும் நோயும் சொல்லியிருப்பார்கள். கடையில் அந்தப் பெயர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே நடைமுறையில் உள்ளவை பிஞ்சு, செங்கடுக்காய், கருங்கடுக்காய். வீட்டுக்கு எடுப்பதாக இருந்தால் மஞ்சள் கலந்த பழுப்பில், கனமாக, வரப்பு எடுத்துக் காட்டும் முழுக்காயைக் கேளுங்கள்.

பழைய வைத்திய நூல்கள் சொன்ன சோதனை ஒன்று இன்றைக்கும் பலிக்கிறது: நல்ல காய் தண்ணீரில் போட்டால் மூழ்கும். மிதந்தால் உள்ளே பூச்சி தின்றிருக்கும், அல்லது சதைப்பற்று வற்றிப்போன பழைய காய். கடையில் தண்ணீர் கேட்க முடியாதென்றால் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். கொட்டை உள்ளே கடகடவென்று ஆடினால் வேண்டாம். குண்டூசி நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தாலும் வேண்டாம். ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லலாம். சதை மஞ்சளாகவோ இளம்பழுப்பாகவோ இருக்க வேண்டும். சின்னத் துண்டை வாயில் போட்டு மென்றால் முதலில் துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். பிறகு புளிப்பு, கசப்பு, கொஞ்சம் காரம், கடைசியில் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் நெல்லிக்காய் தின்றதுபோல லேசான இனிப்பு. ஆறு சுவையில் உப்பு ஒன்றுதான் இதில் இல்லை என்பார்கள். துவர்ப்பே இல்லாமல் சக்கையாக இருந்தால் அது சாரம் எடுத்த காய், விட்டுவிடுங்கள்.

பொடியில் இந்தச் சோதனை எதுவும் செய்ய முடியாது. துருப்பிடித்த ஆணியைக் கடுக்காய் நீரில் போட்டால் கறுக்கும், அது அசல் என்று சிலர் சொல்வார்கள். கறுப்பது உண்மை. ஆனால் டானின் உள்ள எதுவும் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். புளியங்கொட்டைத் தோல்கூடக் கறுக்கும். ஆகவே அது கடுக்காய் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

கொட்டை நீக்கி, இடித்து

சுக்குக்கு நஞ்சு மேல்தோலில், கடுக்காய்க்கு நஞ்சு உள்ளே என்பது எல்லா நாட்டு வைத்தியரும் சொல்லும் பாடம். நஞ்சு என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை, அலட்சியப்படுத்தவும் வேண்டியதில்லை. மருந்துக்குரிய சத்து சதையில்தான் இருக்கிறது. கொட்டை மரக்கட்டைபோல் கெட்டியான ஓடு; வயிற்றுக்கு ஒரு பயனும் இல்லை. அதைச் சேர்த்து அரைத்தால் நீங்கள் மூன்று கிராம் என்று எடுப்பதில் மருந்து எவ்வளவு, ஓடு எவ்வளவு என்று கணக்கே இருக்காது. கடைப்பொடியில் ஏமாற்று நடப்பதும் இங்கேதான். கொட்டையை நீக்கினால் எடை குறைகிறது. எடை குறைந்தால் லாபம் குறைகிறது.

வேலை இதுதான். காயை ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் நல்ல வெயிலில் வையுங்கள். மொறுமொறுப்பாகிவிடும். பிறகு பழைய வேட்டித் துணியில் நாலைந்து காயைப் போட்டு மூட்டையாகப் பிடித்துக்கொண்டு, அம்மிக் குழவியால் ஒரு தட்டு. ஓங்கி அடிக்காதீர்கள், கொட்டையும் நொறுங்கிச் சதையோடு கலந்துவிடும். வரப்பின் மேல் படும்படி தட்டினால் சதை சில்லு சில்லாகப் பிரியும். பிரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாக்குவெட்டியால் சீவி எடுக்கலாம். அம்மியும் பாக்குவெட்டியும் இல்லாத வீட்டில் சின்னச் சுத்தியலும் மரப்பலகையும் போதும். ஒரு கிலோ காய்க்கு ஒரு சாயங்கால நேரம் ஆகும். முதல் தடவை விரலில் ஒரு அடியாவது படும்.

சதைத் துண்டுகளை மறுபடி ஒரு வெயில் காட்டி, உரலிலோ மிக்ஸியிலோ பொடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். இதை வஸ்திரகாயம் என்பார்கள். மாவுச் சல்லடை போதும் என்று நினைத்தால் தொண்டையில் உறுத்தும். துணியில் தங்கும் சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள், கஷாயத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். பொடி ஈரத்தை இழுக்கும், ஆகவே கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி வையுங்கள். மூன்று மாதத்துக்குத் தேவையானதை மட்டும் பொடியாக்கி, மிச்சத்தைக் காயாகவே வைத்திருப்பது நல்லது. காய் பல மாதம் தாங்கும்.

இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் கடுக்காய்க் கஷாயம் வைத்தபோது அடுப்பில் கைக்குக் கிடைத்த இரும்புச் சட்டியில் வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் கஷாயம் பேனா மைபோல் ஆகிவிட்டது. அது உண்மையிலேயே மைதான். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. கடுக்காயோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்து எழுதுமை காய்ச்சிய வழக்கம் நம் ஊரில் இருந்தது. தலைமுடிச் சாயம் தயாரிப்பவர்கள் வேண்டுமென்றே இரும்புச் சட்டியைத் தேடுவதும் இதற்காகத்தான். குடிப்பதற்கு மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம்.

எப்படி, எவ்வளவு

பதினாறாம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் ஒரு நுட்பத்தைச் சொல்கிறது. கடுக்காயை மென்று தின்றால் பசியைத் தூண்டும். பொடித்துச் சாப்பிட்டால் மலத்தை இளக்கும். வேகவைத்தால் மலத்தைக் கட்டும். வறுத்தால் மூன்று தோஷத்தையும் சமன் செய்யும். ஒரே காய் பேதிக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்தாகச் சொல்லப்படுவதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். துவர்ப்புச் சத்துக்குக் குடலைச் சுருக்கும் குணம். காயில் உள்ள வேறு சில சத்துகளுக்கு மலத்தை இளக்கும் குணம். செய்முறையும் அளவும் எந்தக் கை ஓங்குவது என்பதைத் தீர்மானிக்கின்றன.

வீட்டில் பெரும்பாலும் தேவைப்படுவது இளக்கும் குணம்தான். இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு பொடியாக 3 முதல் 6 கிராம். ஒரு தேக்கரண்டி தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய 3 கிராம் வரும். ஆனால் அங்கே தொடங்காதீர்கள். மூன்று விரலால் கிள்ளி எடுக்கும் திரிகடி அளவில், இரவு சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, வெந்நீரில் கலந்து குடியுங்கள். காலையில் வயிறு எப்படி இருக்கிறது என்று பார்த்து, மூன்று நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றலாம். வயிறு இளகிய அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். முறுக்கிப் பிடித்து வலித்தால் அளவு அதிகம்.

திரிபலா தயாரிக்கிறவர்கள் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் தனித்தனியே கொட்டை நீக்கி, தனித்தனியே பொடித்து, அதன் பிறகு சம எடையில் கலக்க வேண்டும். முழுக்காயாக நிறுத்து மொத்தமாகப் போட்டு அரைத்தால் சம எடை என்பது பேச்சுக்குத்தான். மூன்றிலும் கொட்டையின் பங்கு ஒன்றல்ல. தனிக் கடுக்காயைவிடத் திரிபலா வயிற்றுக்கு மிதமாக இருப்பதாகவே என் அனுபவம்.

வாய்க்கு இது நல்ல மருந்து. ஒரு தேக்கரண்டி பொடியை இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொப்பளித்தால் ஈறு வீக்கமும் வாய்ப்புண் எரிச்சலும் தணியும். திரிபலாக் கொப்பளிப்பு பல்லில் படியும் காரையைக் குறைக்கிறது என்று பல் மருத்துவ ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. விழுங்காமல் துப்புவதால் அளவைப் பற்றிய கவலையும் குறைவு. கடுக்காயை முதன்முதலில் பரீட்சித்துப் பார்க்க விரும்புகிறவருக்கு நான் சொல்வது எப்போதும் இதைத்தான். வறட்டு இருமலுக்கு ஒரு சில்லைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வதும் உண்டு.

காலையில் இஞ்சி, நடுப்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று ஒரு மண்டலம் சாப்பிட்டால் கோலூன்றி நடக்கும் கிழவனும் குமரனாவான் என்று சொல்லிவருகிறார்கள். 48 நாள் ஒழுங்காகச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்குகிற எவருக்கும் உடம்பு தேறத்தான் செய்யும். ஆனால் அதையே வாழ்நாள் வழக்கமாக்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. தினமும் கடுக்காய் இல்லாமல் மலம் போகாது என்ற நிலைக்கு வந்துவிட்டால் அது மருந்து இல்லை, பழக்கம். அதே பாவப்பிரகாசம் பருவத்துக்குப் பருவம் துணைமருந்தை மாற்றச் சொல்கிறது: மழைக்காலத்தில் இந்துப்பு, கூதிரில் சர்க்கரை, முன்பனியில் சுக்கு, பின்பனியில் திப்பிலி, இளவேனிலில் தேன், முதுவேனிலில் வெல்லம். இது வடக்கத்தி மழைக் கணக்கு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை கொட்டும் சோழமண்டலக் கரையில் இந்த அட்டவணையை மாதத்தை வைத்துப் பின்பற்றக் கூடாது; வெளியே பெய்கிற மழையைப் பார்த்துப் பின்பற்ற வேண்டும்.

யாருக்கு வேண்டாம்

கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். ஏற்கெனவே பேதியாகி நீர்ச்சத்து இழந்தவர், பட்டினியால் அல்லது நீண்ட நோயால் மெலிந்தவர், உண்ணாவிரதம் இருப்பவர் ஆகியோருக்கும் வேண்டாம். பழைய நூல்களே இவர்களை விலக்கிவைத்திருக்கின்றன. நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும், கடுக்காய்க்கும் சர்க்கரையைக் குறைக்கும் குணம் உண்டு. இரண்டும் சேர்ந்து தலைசுற்றலில் கொண்டுபோய் விடலாம். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதே வேளையில் கடுக்காய் எடுத்தால், சட்டியில் நடந்ததே வயிற்றிலும் நடக்கும்: டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மாத்திரை வீண். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

கைக்குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சாதிக்காய், மாசிக்காய், வசம்பு, சுக்கு, கடுக்காய் எல்லாம் ஒவ்வொன்றாக உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இழைத்து, நாக்கில் தடவுவார்கள். இதில் எனக்குத் தயக்கமில்லாத கருத்து உண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கூடாது. கல் எத்தனை சுத்தம், எத்தனை இழைப்பு என்று எவரும் அளப்பதில்லை. பச்சிளங்குழந்தையின் உடம்போ அளவுப் பிசகைத் தாங்காது. வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. "பிள்ளைக்கு ஆறு மாசம் முடியட்டும் அத்தை, டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுக்கலாம்" என்று மருமகள் சொன்னால் அது மரியாதைக் குறைவு ஆகாது.

மலச்சிக்கல் திடீரென்று வந்தது, மலத்தில் இரத்தம், எடை குறைகிறது, வயிறு உப்பி வாந்தி: இவற்றில் எது இருந்தாலும் கடுக்காய்ப் பாட்டிலைத் திறக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வயிற்றுக்கு வெளியே

மருந்து வழிகாட்டியில் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லைதான். ஆனாலும் கடுக்காயைத் தெரிந்துகொண்டவர் கொத்தனாரையும் தோல் பதனிடுகிறவரையும் தெரியாமல் இருப்பது முறையில்லை. வணிக உலகத்துக்கு இது முதலில் தோல் சரக்கு. காய்ந்த சதையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு டானின் என்பதால் பிரிட்டிஷ் காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. விசாகப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள பீமுனிப்பட்டினத் துறைமுகத்தின் பெயரால் 'பீம்லி' என்றே ஒரு தரம் லண்டன் சந்தையில் இருந்தது. நம் ஊரிலோ ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைக் கடைசியில் கடுக்காய் நீரில் போட்டு எடுப்பார்கள், நிறம் தெளியும்.

கலம்காரித் துணியில் ஒரு கோடு இழுப்பதற்கு முன் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் பிடிக்கும். கடுக்காய், துருவும் வெல்லமும் புளிக்கவைத்த கரைசலைக் கண்ட மாத்திரத்தில் கருங்கோடாக மாறும். அந்தச் சட்டி விஷயமேதான், இந்த முறை கலையாக.

கட்டடத்தில் கடுக்காய் இன்னும் உயிரோடு இருக்கிறது. உடைத்த கடுக்காயையும் வெல்லத்தையும் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துக் கட்டிய சுவர்கள் பழைய வீடுகளிலும் கோயில்களிலும் நிற்கின்றன. திருப்பணி நடக்கும் கோயிலில் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் வாடை வந்தால் தொட்டியைத் தேடிப் பாருங்கள், கடுக்காய் மிதக்கும். சிமெண்ட் இல்லாத வீடு கட்ட விரும்பும் இளைஞர்கள் இப்போது கிலோ கணக்கில் அல்ல, மூட்டைக் கணக்கில் வாங்குகிறார்கள். கொட்டை நீக்காத, கருத்த, பூச்சி தின்ற காய்க்கு இதுவே சரியான இடம்.

கன்று வைக்க

தோட்டம் இருக்கிறவர்கள் ஒரு மரமாவது வைக்கலாம். வெயில் வேண்டும், தண்ணீர் தேங்காத மண் வேண்டும். மற்றபடி பிடிவாதம் இல்லாத மரம். வறட்சி தாங்கும், வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்க்கும். சிக்கல் முளைப்பில்தான். கடையில் வாங்கிய காய்ந்த கடுக்காயை அப்படியே மண்ணில் புதைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள்.

மரத்தடியில் அந்த வருடம் விழுந்த முற்றிய பழமாகக் கேட்டு வாங்குங்கள். சதையை நீக்கிக் கொட்டையை உலர்த்தி, அதன் அகன்ற முனையை மட்டும் உள்ளே பருப்பில் படாமல் லேசாக நறுக்கி, குளிர்ந்த நீரில் 36 மணி நேரம் ஊறப்போட வேண்டும். அதன் பிறகு விதைத்தாலும் எல்லாம் முளைக்காது. பத்து விதைத்தால் பாதி வந்தால் சந்தோஷப்படலாம். முளைப்பதும் ஒரே நாளில் நடக்காது; முதலாவது மூன்றாம் வாரம் வந்தால் கடைசி ஒன்று மாதக் கணக்கில் கழித்து எட்டிப் பார்க்கும். ஆகவே காலியாகத் தெரியும் பையை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். எலியும் அணிலும் விதையைத் தோண்டும்; மேலே கம்பி வலை போடுங்கள். வேர் முதலில் கீழே ஓடுவதால் குட்டைப் பை சரிப்படாது, நீளமான நாற்றுப் பை தேவை. முதல் வருடம் செடி ஒரு சாண் வளர்ந்தால் அது நல்ல வளர்ச்சிதான்.

இத்தனை பொறுமை இல்லாதவர்கள் வனத்துறை நாற்றங்காலில் கன்றாக வாங்கிவிடுங்கள். விதைக்கன்று காய்க்கப் பத்து வருடம்கூட ஆகலாம். ஒட்டுக்கன்று கிடைத்தால் அதற்கு வெகு முன்பே காய்க்கும். இரண்டடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, மட்கிய எருவும் மேல்மண்ணும் நிரப்பி, முதல் மழை குழியை நனைத்த பிறகு நடுங்கள். ஒன்றுக்கு மேல் வைப்பதென்றால் மரத்துக்கு மரம் இருபதடி இடைவெளி. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆடுமாடு எட்டாமல் முள்வேலி போடுங்கள். நடும் இடத்துக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.